வாங்கின மாதத்தில் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான்

ஹூஸ்டன் பக்கம் நம் ஆட்கள் இருக்கிற எந்த வாட்ஸாப் குழுவுக்குள் போனாலும் இந்தப் படம் ஒன்று வந்துவிடுகிறது. சமையலறை மேடையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி திறந்து கிடக்கும். உள்ளே புதுத் துப்பாக்கி, பக்கத்தில் ஒரு டப்பா தோட்டா. கீழே ஒரு வரி: "இருநூறு ரவுண்டு சுட்டாச்சு, ஒரு பிரச்சினையும் இல்லை, செம திருப்தி." உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள். 2020 கொரோனா சமயத்தில் பரவிய பழக்கம் இது. அந்த ஆண்டு துப்பாக்கிக்காக எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சோதனைகள் மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி. அத்தனையும் விற்பனை இல்லை, பெர்மிட் சரிபார்ப்பும் அதற்குள் வரும். ஆனாலும் அதற்கு முன் அப்படி ஓர் ஆண்டு இருந்ததில்லை.

நானும் துப்பாக்கி வைத்திருப்பவன்தான், அதிலும் ரிவால்வர் (தோட்டா அறைகள் உள்ள உருளை, அதாவது சிலிண்டர், சுழலும் வகை) பைத்தியம். அதனால் இதை எதிர்ப்பாளன் பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். என் கட்சி இவ்வளவுதான்: புதிதாக வாங்கியவர் முதல் மாதத்தில் சொல்லும் திருப்தி அந்தத் துப்பாக்கியைப் பற்றியது இல்லை, கொடுத்த காசைப் பற்றியது. அதை நம்பி இன்னொருவர் வாங்கப் போகக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். காஸ்ட்கோவில் டிவி வாங்கினால் தொண்ணூறு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். துப்பாக்கி அப்படி இல்லை. துப்பாக்கி வாங்க நிரப்பும் 4473 படிவத்தில் கையெழுத்துப் போட்டு, சோதனை முடிந்து, கடை வாசலைத் தாண்டிவிட்டால் அது செகண்ட் ஹேண்ட். பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. எடுத்தாலும் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். வாங்கியவருக்கு முன்னால் இரண்டே வழி: நஷ்டப்பட்டு விற்பது, இல்லையென்றால் திருப்திப்படுவது. எண்ணூறு டாலர் கொடுத்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவா வேண்டும்?

இதற்குப் பின்னால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பொம்மை, தொட்டில், டோஸ்டர் எல்லாவற்றின் பாதுகாப்பையும் கவனிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று உண்டு. 1972இல் அதை உருவாக்கிய சட்டத்திலேயே துப்பாக்கியை விலக்கிவிட்டார்கள். 1976இல் தோட்டா விஷயத்திலும் அது கை வைக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் சுடும் பிபி கன் அந்த ஆணையத்தின் கீழ் வருகிறது. அப்பா இடுப்பில் செருகும் ஒன்பது எம்எம் துப்பாக்கி வராது. துப்பாக்கியில் குறை இருந்தால் அதைத் திரும்பப் பெறு என்று கம்பெனிக்கு உத்தரவு போட அந்த ஆணையத்தால் முடியாது. கம்பெனியாக மனசு வைத்தால்தான் உண்டு.

சிக் சாவர் கம்பெனியின் பி320 கைத்துப்பாக்கி கதை இதற்கு நல்ல உதாரணம். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தது. அதே கோடையில், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற கவலையில் நம்ம டாலஸ் போலீஸ் அதை எடுத்துச் செல்வதை நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் கம்பெனி டிரிக்கர் பாகங்களை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தன்னார்வ மேம்பாடு'. அதுவரை அதை வாங்கியவர்களைக் கேட்டிருந்தால் ரொம்பத் திருப்தி என்றுதான் சொல்லியிருப்பார்கள், பொய்யும் இல்லை. ரேஞ்சில் நின்று குறிப்பலகையைச் சுடுகிறவருக்கு, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எப்படித் தெரியும்?

சரி, ரிவால்வருக்கு வருவோம். எனக்குப் பேச ஆசையும் அதுதான்.

கோல்ட் கம்பெனியின் பைதான் என்றால் ரிவால்வர் ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 1955இல் வந்தது. உற்பத்தி நின்றுபோன பிறகு பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. 2020 ஜனவரியில் கோல்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, 1,499 டாலர். ஊரே கொண்டாடியது. ஆனால் முதல் சில மாதங்களில் வாங்கிய சிலருக்கு டிரிக்கரை இழுத்தால் சிலிண்டர் சுழலவில்லை. சிலருக்குப் பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியல் விழுந்தும் தோட்டா வெடிக்கவில்லை. அதே வாரங்களில் இன்னொரு கூட்டம் "வெண்ணெய் மாதிரி டிரிக்கர், வாழ்நாள் கனவு" என்று எழுதிக்கொண்டிருந்தது. எனக்குச் சுவாரசியம் என்னவென்றால், பழுதானவர்களிலேயே பலர் திருப்தி என்றுதான் எழுதினார்கள். பெயருக்கு அவ்வளவு மதிப்பு. பின்னால் வந்தவை பரவாயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ரேஞ்சில் ஒன்றைச் சுட்டுப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை.

ரிவால்வர் வாங்குகிறவர்களிடம் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: பிஸ்டல் (கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டி செருகும் வகை) சிக்கும், ரிவால்வர் சிக்காது. பாதி உண்மை. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் டிரிக்கரை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். அது பெரிய வசதிதான். ஆனால் ரிவால்வர் நின்றால் ஒரேயடியாக நின்றுவிடும். வெற்றுக் குப்பிகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு இருக்கிறதே, அதற்கடியில் எரியாத மருந்துத் துகள் நாலு சிக்கினால் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுழலாது. தள்ளும் கம்பி தானாகக் கழன்று சிலிண்டரைத் திறக்க விடாமல் செய்யும். எடை குறைந்த ரிவால்வரில் பலமான தோட்டா போட்டால், உதையின் வேகத்தில் மற்ற தோட்டாக்களின் ஈயமுனை குப்பியிலிருந்து முன்னால் நகர்ந்து வெளியே துருத்தும். அப்புறம் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். பிஸ்டல் சிக்கினால் அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு இழுப்பு, தீர்ந்தது. ரிவால்வருக்கு மேசையும் கருவியும் வேண்டும்.

அதனால் புது ரிவால்வர் என்றால் கடையிலேயே பார்த்துவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, காலி என்பதை இரண்டு பேரும் பார்த்தபிறகு. சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல, ரொம்ப மெல்ல, பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுதாகப் பின்னால் வந்து நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்ட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் அப்படிப் பாருங்கள். ஐந்தில் நான்கு சரியாகப் பூட்டி ஒன்று மட்டும் சோம்பலாக வருகிற துப்பாக்கிகளை நான் புதுப் பெட்டியிலிருந்தே எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிறகு பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கீற்றைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக, மெல்லியதாக இருக்க வேண்டும். குழல் நேராகத் திருகியிருக்கிறதா என்பதை முன் குறிமுனையைப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்ந்ததை ஒருவர் வாங்கிக்கொண்டு வந்து, "பின் குறியை நகர்த்திச் சரி பண்ணிக்கலாம் அண்ணா, மத்தபடி சூப்பர்" என்றார். ஆயிரம் டாலருக்குப் பக்கமான பொருள் அது. புதுக் காரில் ஸ்டியரிங் கோணலாக இருந்தால் மத்தபடி சூப்பர் என்று ஓட்டிக்கொண்டு வருவாரா?

ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ரிவால்வரில் இருக்கும் சாவித் துவாரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அந்தக் கம்பெனி கிளிண்டன் அரசோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. துப்பாக்கிக்காரர்கள் கொதித்துப்போய்ப் புறக்கணித்தார்கள். 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பிரிட்டிஷ் முதலாளிகள், 2001இல் வெறும் ஒன்றரைக் கோடிக்கு அதை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியது பூட்டுத் தொழில் செய்த கம்பெனி. அதன் பிறகுதான் ரிவால்வரின் இடது பக்கம், சிலிண்டர் திறக்கும் பொத்தானுக்கு மேலே, சாவி போட்டுத் துப்பாக்கியைப் பூட்ட ஒரு சின்ன ஓட்டை வந்தது. அந்த ஓட்டையைத் திட்டாத ரிவால்வர்க்காரர் கிடையாது. ஆனால் திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள், வாங்கிவிட்டுத் திருப்தி என்கிறார்கள். கம்பெனிக்காரன் எதைக் கேட்பான், திட்டையா, காசையா?

இன்னொரு வகைத் திருப்தி உண்டு, பாக்கெட் திருப்தி. ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 642 மாதிரி ஐந்து தோட்டா போடும் அலுமினிய ரிவால்வர் சுமார் 400 கிராம்தான். ரூகர் கம்பெனியின் எல்சிஆர் அதைவிடக் கொஞ்சம் லேசு. பேன்ட் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. பெண்களுக்கு இதுதான் நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லேசான துப்பாக்கி என்றால் உதை பலம். டிரிக்கர் கனம், குறி பார்க்கும் முனை சின்னது. இருப்பதிலேயே சுடக் கஷ்டமான துப்பாக்கியை முதன்முதலாகச் சுடுகிறவர் கையில் கொடுக்கிறார்கள். அந்த அக்கா ரேஞ்சுக்கு வருவார், ஐந்து சுடுவார், உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார், டப்பாவில் மிச்சம் நாற்பத்தைந்து அப்படியே வீட்டுக்குப் போகும். கேட்டால் திருப்திதான்! உண்மையில் அவருக்குப் பிடித்திருப்பது எடை. பலமான .357 மேக்னம் தோட்டா போடும், ஸ்காண்டியம் கலந்த லேசான உலோக வகை இதற்கும் மேலே. அதை ரசித்துச் சுடுகிற மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

வாரண்டி விஷயம்தான் எனக்குச் சிரிப்பு. நான் புதிதாக வாங்கிய ஒரு ரிவால்வரில் ஓர் அறை மட்டும் குழலோடு நேர்கோட்டில் நிற்காமல், சுடும்போது ஓரத்தில் ஈயம் சீவி என் கன்னத்தில் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் சரி. கம்பெனிக்கு அனுப்பினேன். பல வாரம் கழித்து, 'சிலிண்டர் பொருத்தம் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு துண்டுச்சீட்டோடு வந்தது. இதை நண்பர்களிடம் சொன்னபோது எல்லாரும் ஒரே குரலில், "பாத்தீங்களா, அவங்க சர்வீஸ் எவ்வளவு நல்லா இருக்கு!" பார்சல் காசுகூடக் கம்பெனியே கட்டியதாம். தொழிற்சாலையில் ஒருவர் அந்த அறையைப் பார்த்திருந்தால் இந்தப் பார்சலே வேண்டாமே. கடைசிக்கட்டச் சோதனையை நாமே நம் காசில் தோட்டா வாங்கிச் செய்கிறோம், அதற்கு 'பிரேக் இன்' என்று செல்லப்பெயர் வேறு. .38 ரிவால்வர் தோட்டா ஒன்பது எம்எம் பிஸ்டல் தோட்டாவைவிட விலை கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. எச்1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதோ வைத்திருப்பதோ மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு காட்டுப் பக்கமே போகாத வேட்டைக்காரர்கள் நம் ஊரில் நிறையப் பேர். சரி, சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் டெக்சஸில் அந்த லைசன்ஸ் ஆகஸ்ட் 31ஓடு முடிகிறது. செப்டம்பரில் புதுப்பிக்க மறந்தால் அலமாரியில் இருக்கும் துப்பாக்கி உங்களுக்குக் குற்றமாகிவிடலாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே சட்டம்தான். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் இதற்கு ஒரு வக்கீலிடம் போய்ப் பேசுவது தப்பே இல்லை, என்னிடம் கேட்காதீர்கள்.

பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்புதான் முக்கியக் காரணம் என்றார்கள். 81 சதவீதம் பேர் அது இருப்பதால் பாதுகாப்பாக உணர்கிறோம் என்றார்கள். உணர்வதைத்தான் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரை 2004 முதல் 2016 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. அந்த ஆபத்து உச்சத்தில் இருந்தது முதல் கைத்துப்பாக்கி வாங்கிய உடனடிக் காலத்தில். நாம் பெட்டியைத் திறந்து படம் போடுகிற அதே நாட்கள். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் சிக் சாவரின் சின்னப் பிஸ்டல் பி365-ஆ, எல்சிஆரா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை வீட்டுக்கு வெளியே பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும் வழியைப் பாருங்கள். மற்றவர்கள் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சேஃபை முதலில் வாங்குங்கள். அதைப் படம் எடுத்து யாரும் போடுவதில்லை.

அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது என்று ஒரு தம்பி போன வாரம் பிடித்துக்கொண்டார். ரிவால்வர்தான் வேண்டுமாம். பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10, நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா .38 என்றேன். 1899இல் தொடங்கிய வரிசை, அறுபது லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள், எத்தனையோ போலீஸ்காரர்கள் இடுப்பில் வாழ்ந்த துப்பாக்கி. கிட்டத்தட்ட ஒரு கிலோ இருப்பதால் கை வலிக்காமல் டப்பா முழுக்கச் சுடலாம். உறையில் உரசி உரசி வெளிப்பூச்சு போயிருக்கும், உள்ளே பாகங்கள் தேயாமல் இருக்கும். சாவித் துவாரமும் இல்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பழசா இருக்கே அண்ணா, பெட்டிகூட இருக்காதே" என்றார். பெட்டி இருக்காதுதான். சனிக்கிழமை ஒரு கடையில் இரண்டு வந்திருப்பதாகக் கேள்வி, அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். டார்ச் என் வண்டியிலேயே இருக்கிறது.