எல்லா ஜெர்மானியக் கடற்கரைப் பங்கர்களிலும் குண்டுத்தூக்கி இருந்ததா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய கடற்கரைப் பீரங்கிப் பங்கர்கள் அனைத்திலும் பல மாடி ஆழத்தில் வெடிமருந்துக் கிடங்கு இருந்தது என்றும், அங்கிருந்து இயந்திரத் தூக்கிகள் குண்டுகளை மேலே அனுப்பின என்றும் சொல்வது சரியல்ல. நார்வேயின் அவுஸ்ட்ரோட் கோட்டைக்கு அது முழுக்கப் பொருந்தும். 1942இல் கீல் துறைமுகத்தில் விமானக் குண்டுவீச்சில் சிதைந்த க்னைசெனாவ் போர்க்கப்பலிலிருந்து கழற்றிய, மூன்று 28 செ.மீ. (குழலின் உள்விட்டம்) பீரங்கிகள் கொண்ட சுழல்மேடையை அங்கே பொருத்தினார்கள்; கப்பலில் இருந்ததைப் போலவே அதற்குக் கீழ்த்தளங்களும் தூக்கிகளும் தேவைப்பட்டதால் பாறையை ஆழமாகக் குடைந்தார்கள். அந்த வேலையில் வதைபட்டவர்கள் யூகோஸ்லாவியப் போர்க்கைதிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நார்மண்டியின் லோங்-சுர்-மேரில் நிலைமை வேறு. அங்குள்ள நான்கு 15 செ.மீ. பீரங்கிகளின் கான்கிரீட் கூடுகளில் கிடங்கு அறைகள் பீரங்கிக்குப் பின்னால், அதே தளத்திலேயே இருக்கின்றன. சுமார் 45 கிலோ எடையுள்ள குண்டைச் சில அடி தூரம் கொண்டுவர ஆட்களே போதும். டென்மார்க்கின் ஹான்ஸ்தோல்மில் 38 செ.மீ. பீரங்கியின் கனத்த குண்டு 800 கிலோ. அங்கேகூட, தனியே கட்டிய கிடங்குகளிலிருந்து குறுகிய ரயில்பாதை வழியாகத்தான் குண்டுகள் பீரங்கிமேடைக்கு வந்தன.

காரணம் எளிது. கப்பலில் வெடிமருந்தைக் காக்க நீர்மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும். கரையிலோ இரண்டு மீட்டர் கான்கிரீட் சுவரும் கூரையும் அதே காவலைத் தரும்போது, பழுதடையக்கூடிய ஒரு தூக்கியை நம்பியிருக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை.