மேலே போனவர் இறங்கவில்லை

(பரந்தன் சந்தி தாண்டி முல்லைத்தீவு வீதியில் ஒரு சைக்கிள் கடை. காலபோக அறுவடை முடிந்து எதிர்ப்பக்க வயல் காய்ந்து கிடக்கிறது. தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பின்சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மணியண்ணை. ரியூப் ஒட்ட வந்த பெடியன் ஒருவன் வாங்கில் இருக்கிறான். விஞ்ஞான ரீச்சர் ஒரு நீளப் பெட்டியோடு வருகிறார்.)

ரீச்சர்: அண்ணை, பழைய ரியூப் இருந்தால் வால்வை மட்டும் வெட்டித் தருவீர்களோ?

மணியண்ணை: வால்வு மட்டும் எதற்கு? அது தனியாகக் காற்றைப் பிடித்து வைக்காதே.

ரீச்சர்: ரொக்கெட்டுக்கு.

மணியண்ணை: (சில்லை நிறுத்திவிட்டு) மெல்லமாகக் கதையுங்கள் ரீச்சர். ரோட்டால் ஆட்கள் போகிறார்கள்.

ரீச்சர்: விளையாட்டு ரொக்கெட் அண்ணை. சனசமூக நிலையத்துப் பிள்ளைகளுக்கென்று லண்டனிலிருந்து தம்பி கொண்டுவந்தான். பாருங்கள், மட்டைக் குழாய், கூர்மூக்கு, பல்சாக் கட்டைச் சிறகு, பொலித்தீன் பரசூட். சிறகைப் பிள்ளைகளே தேய்த்து ஒட்டினார்கள்.

மணியண்ணை: வடிவாகத்தான் இருக்கிறது. எஞ்சின் எங்கே?

ரீச்சர்: அதுதான் வரவில்லை. அதற்குள் வெடிமருந்து இருக்கும். பயணப் பையில் வைத்துப் பிளேனில் கொண்டுவர விடமாட்டார்கள்.

மணியண்ணை: அப்போ தம்பி சில்லில்லாத சைக்கிள் கொண்டுவந்திருக்கிறார். இதென்ன, பெட்டியில் ஏ8-3 என்று போட்டிருக்கிறது? எனக்கு ஏ9 தெரியும். நாங்கள் இப்போது நிற்கிறது ஏ35. ஏ8 பாணந்துறையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிறது, மச்சான் லொறி ஓடின ரோடு. அதில் மூன்றாம் கட்டையிலோ எஞ்சின் விற்கிறார்கள்?

ரீச்சர்: ரோடு இல்லை அண்ணை, எஞ்சினின் பெயர். முதல் எழுத்து அதன் மொத்தக் கணத்தாக்கு, எரிந்து முடியும்வரைக்கும் அது தருகிற முழுத் தள்ளு. ஏ என்றால் கூடினது 2.5 நியூட்டன் செக்கன். பி என்றால் 5. சீ என்றால் 10. எழுத்து ஒன்று ஏற இரண்டு மடங்கு.

மணியண்ணை: நுண்கடன் மாதிரி.

ரீச்சர்: 8 என்பது சராசரி உதைப்பு, 8 நியூட்டன். 3 என்றால் மருந்து எரிந்து முடிந்து 3 செக்கன் சும்மா போகும். பிறகு உள்ளே சின்னதாக ஒன்று வெடித்து மூக்கைத் தள்ளிப் பரசூட்டை வெளியே விடும்.

மணியண்ணை: மேலே போய் வெடிக்கிற சாமான். இதற்குக் கடிதம் எழுதப் போனால், விதானையார், பொலிஸ், ஆமிக் காம்ப் என்று ஆளுக்கொரு கையெழுத்து வாங்கி முடியப் பிள்ளைகளுக்குக் கலியாண வயது வந்துவிடும்.

ரீச்சர்: அதனால்தான் தண்ணீருக்கு மாறினோம். ஒன்றரை லீற்றர் போத்தல், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. உங்களிடமிருந்து பம்மும் வால்வும்.

மணியண்ணை: தண்ணீரில் ரொக்கெட்டோ? விசர்க் கதை.

ரீச்சர்: வயலில் வோட்டர் பம் போடும்போது குழாயின் நுனியைப் பிடிக்காமல் விட்டால் என்ன நடக்கும்?

மணியண்ணை: பாம்பு மாதிரி அடிக்கும். போன சிறுபோகம் என் முழங்காலில் அடித்தது. இன்னும் நோகிறது.

ரீச்சர்: அதுதான் நியூட்டனின் மூன்றாம் விதி.

மணியண்ணை: அந்த ஆளுக்கும் முழங்காலில் பட்டிருக்கும். சரி, காற்று மட்டும் அடித்தால் போதாதோ? தண்ணீர் ஏன்?

ரீச்சர்: காற்றுக்கு நிறை காணாது அண்ணை. பாரமான சாமான் பின்னால் பாய்ந்தால்தான் முன்னால் நல்ல உதைப்பு வரும்.

மணியண்ணை: (பெட்டிக்குள் கிடந்த போத்தலை எடுத்து) இது குடிதண்ணீர்ப் போத்தல். ஆகாது. நாலு பம் அடிக்க முதல் வயிறு வீங்கிவிடும். சோடாப் போத்தல் வேணும். அடியில் ஐந்து கால் மாதிரி இருக்குமே, அது. காஸ் தாங்கச் செய்தது.

ரீச்சர்: அண்ணை, உங்களுக்கு இது தெரியுமா?

மணியண்ணை: முப்பது வருசம் காற்றோடு சீவிக்கிறேன், ரீச்சர்.

(உள்ளே போய்ப் பச்சைச் சோடாப் போத்தலும் அறுந்த இறப்பர்ச் செருப்பும் எடுத்து வருகிறார். குதிப் பக்கத்தை வட்டமாக வெட்டி, போத்தல் வாய்க்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்கு ஒரு பக்கம் ஒடுங்கச் சீவுகிறார். சூடாக்கிய கம்பியால் நடுவில் துளை. வால்வு ஏறுகிறது.)

மணியண்ணை: இதுதான் அடைப்பான். அழுத்தம் கூடினால் தானாகக் கழன்று வரும். பூட்டும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை.

ரீச்சர்: அமெரிக்காவில் இந்தச் சின்ன ரொக்கெட்டை முதன்முதல் 1954 இல் செய்தவரும் உங்களைப்போல் ஒரு கடைக்காரர்தான். ஒர்வில் கார்லைல். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்தார்.

மணியண்ணை: அவர் சப்பாத்து, நான் செருப்பு. வசதி அவ்வளவுதான். சிறகுக்கு என்ன செய்வோம்? உங்களுடைய பல்சா தண்ணீரில் ஊறிவிடும்.

(தாவாரத்தில் மழைக்குத் தடுப்பாகக் கட்டியிருந்த தேர்தல் விளம்பரப் பிளாஸ்ரிக் பலகையை அவிழ்த்து மூன்று துண்டாக வெட்டுகிறார். ஒரு சிறகில் அரை மீசை, அடுத்ததில் கும்பிட்ட கை, மூன்றாவதில் ‘உங்கள்’ என்ற சொல் மட்டும்.)

ரீச்சர்: சூட்டுப் பசை போடாதீர்கள், போத்தல் இளகிவிடும். ரேப் சுற்றினால் போதும். ஆனால் அண்ணை, வேட்பாளரையோ பறக்கவிடப் போகிறோம்?

மணியண்ணை: அவர் எப்படியும் மேலே போகிற ஆள். போனபிறகு இறங்கி வந்து எங்களைப் பார்க்கமாட்டார், அதுதான் குறை.

ரீச்சர்: மூக்கில் கொஞ்சம் களிமண் வையுங்கள். பாரம் முன்னுக்கு நிற்கவேணும். இனிச் சமநிலையில் நிற்கிற இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுற்றிப் பார்ப்போம். மூக்கு முன்னுக்கு ஓடினால் சரி. வால் முன்னுக்கு வந்தால் திரும்பி எங்களிடமே வரும்.

(மணியண்ணை சுற்றுகிறார். மூக்கு முன்னுக்கே போகிறது. கடை நாய் மட்டும் வாலை மடக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறது.)

மணியண்ணை: எங்கள் நாட்டுச் செய்மதிகூட 2019 இல் போனதே, இராவணா-1. அதையும் இப்படிச் சுற்றிப் பார்த்திருப்பார்களோ?

ரீச்சர்: அது ஏறிப் போனது அமெரிக்க ரொக்கெட்டில். செய்மதியின் நிறை ஒரு கிலோ அளவுதான்.

மணியண்ணை: ஒரு கிலோவோ? இராவணன் என்று பெயரை வைத்துவிட்டு ஒரு பை சீனியை அனுப்பியிருக்கிறார்கள்!

ரீச்சர்: சரி, ஒருக்கால் விட்டுப் பார்ப்போம். ஐந்து மீற்றர் தள்ளி நிற்கவேணும். உங்கள் பம் குழாய் எவ்வளவு நீளம்?

மணியண்ணை: ஒரு முழம்.

ரீச்சர்: அண்ணை!

மணியண்ணை: பொறுங்கள், லொறிக்கு அடிக்கிற நீளக் குழாய் இருக்கிறது. எந்தப் பக்கம் விடுவது?

ரீச்சர்: வயல் பக்கம். அங்கால் பற்றைக்குள் விழுந்தால் எடுக்கப் போகக்கூடாது. பிள்ளைகளுக்கும் அதுதான் முதல் சட்டம். மிதிவெடி மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமென்றாலும் பற்றைக்குள் கால் வைக்கக்கூடாது.

மணியண்ணை: போத்தல் இன்னொன்று வாங்கலாம்.

(மூன்று செங்கல்லுக்கு நடுவில் போத்தல் தலைகீழாக நிற்கிறது. மணியண்ணை அடிக்கத் தொடங்குகிறார்.)

ரீச்சர்: ஐந்து... நாலு... மூன்று...

மணியண்ணை: எண்ணாதீர்கள் ரீச்சர், அது செருப்பு. அதற்கு எண்ணத் தெரியாது. தான் நினைத்த நேரம்...

(டப்! சர்ர்ரென்று ஒரு இரைச்சல். செங்கல்லைச் சுற்றி ஒரே ஈரம். மணியண்ணை வாங்குக்குக் கீழே. ரீச்சர் டயர்க் குவியலுக்குப் பின்னால், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு.)

மணியண்ணை: ரீச்சர், நீங்களும் விழுந்து படுத்துவிட்டீர்களோ?

ரீச்சர்: சத்தம் சண்டைக்காலத்துக் கிபிர் பிளேன் மாதிரி வந்தது அண்ணை. கால் தானாக மடிந்துவிட்டது.

மணியண்ணை: எனக்கும்தான். அங்கே பாருங்கள், ஒட்டுக்கு வந்த பெடியன் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ரீச்சர்: (எழுந்து சேலையில் மண்ணைத் தட்டியபடி) அவன் 2012 இல் பிறந்தவன். எங்கள் வகுப்புப் பிள்ளை. தம்பி, எங்கே போனது?

(பெடியன் கையைக் காட்டுகிறான். வேலியோரப் பனை. வட்டுக்குள் பச்சைப் போத்தல் சொருகிக் கிடக்கிறது. கீழ்ப்பக்கம் பார்த்தபடி அரை மீசை.)

மணியண்ணை: நான் சொன்னேனே, மேலே போனால் இறங்கமாட்டார் என்று.

ரீச்சர்: இனி என்ன செய்வது?

மணியண்ணை: சீவல்காரர் பின்னேரம் வருவார். அதுவரைக்கும் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். அங்கே என்ன ஒழுகுகிறது?

ரீச்சர்: போத்தலில் மிஞ்சின தண்ணீராக இருக்கும்.

மணியண்ணை: (பனையடிக்குப் போய், உள்ளங்கையில் ஏந்தி, மணந்து பார்த்து) தண்ணீர் இல்லை ரீச்சர். முட்டி உடைந்திருக்கிறது.

ரீச்சர்: ஐயோ. சீவல்காரருக்கு யார் பதில் சொல்வது?

மணியண்ணை: அவர் வந்தால் நான் கதைக்கிறேன். அதற்கு முதல் ஒரு சந்தேகம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்றீர்கள். கள்ளுக்கும் அதே கணக்கோ?