முடிக்காக மாத்திரையை நிறுத்தினேன்

லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் என்று கண்டுபிடித்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாதம் குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றது, ஜல்லடையைத் தூக்கிப் பார்த்தால் பந்து மாதிரி என் முடி. சீப்பில், தலையணையில், ஒருநாள் ரசக் கிண்ணத்தில்கூட.

டாக்டரிடம் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "உயிர் முக்கியமா, முடி முக்கியமாம்மா?" என்றார். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் இதே வசனம்தான்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. நான்காம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினார். அங்கே இரவுப் பணியில் இருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர்தான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய கார்டிசாலைச் சுரக்கிறதாம். வாரக்கணக்கில் அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையாக வெளியிலிருந்து வந்தால் சுரப்பி தூங்கிவிடும், டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அதை எழுப்ப வேண்டும், பட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சரி, முடி? நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உண்டு. கடும் காய்ச்சலோ பெரிய நோயோ வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களுக்கான வட்டிதான் அந்த ஜல்லடையில் நின்றது. போதாததற்கு லூபஸே முடியைக் கொட்டவைக்கும் நோய். ஸ்டீராய்டாலும் சிலருக்கு முடி உதிரலாம், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் மாத்திரை ஆரம்பித்ததும் முடி கொட்டியதும் அடுத்தடுத்து வந்ததால் பழி முழுவதும் அதன் தலையில் விழுந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் புழுவெட்டுக்கு முடி முளைக்கத் தோல் டாக்டர்கள் போடும் ஊசியே ஸ்டீராய்டுதான். எனக்கும் முளைத்தது, கன்னத்தில், பூனைமுடியாக! அதுவும் இந்த மாத்திரையின் வேலைதானாம்.

கொழுந்தனார் வேறு "அண்ணி, ஜிம் பசங்க போடுறதைப் போய் ஏன் சாப்பிடுறீங்க?" என்று குழப்பினார். அது வேறு சாமான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வகை, உடம்பில் டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாறி, பரம்பரையில் வழுக்கை இருப்பவர்களுக்கு முடியின் வேரையே சுருக்கிவிடும். ஊசியை நிறுத்தினாலும் போன முடி திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள்.

என் கோபமெல்லாம் ஒன்றுதான். பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார் என்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் நிறுத்தினேன். முடி கொட்டலாம், முகம் பன் மாதிரி உப்பலாம், நீயாக நிறுத்தாதே, என்னிடம் வா என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? அதற்குப் பதில் உயிரா முடியா என்று கேட்டால், இடுப்பு வரை பின்னல் போட்டு வளர்ந்தவள் என்ன பதில் சொல்வாள்? அப்புறம் சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு. அதை விடுங்கள்.

இப்போது டாக்டர் குறைத்துக் குறைத்து 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வகிடு ஓரமாகக் குட்டிக் குட்டி முடி நட்டுக்கொண்டு நிற்கிறது, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படிய மாட்டேன் என்கிறது.