மீடியம் மாற்றுகிற வேலைதானே என்கிறவர்களுக்கு

நேற்று முழுக்க எல்லாரும் பகிர்ந்த அந்த ஆய்வு உதவியாளர் விளம்பரம் பற்றித்தான் சொல்கிறேன். செல் கல்ச்சர் (ஆய்வகத்தில் செல் வளர்ப்பது), வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறிவது), பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்ப்பது) எல்லாம் கைவந்திருக்க வேண்டுமாம். ஒப்பந்தம் ஆறு மாதம். சம்பளம் ‘தகுதிக்கேற்ப’. அதன் கீழே ஒருவர், “மீடியம் மாத்துற வேலைதானே, இதுக்குக்கூடப் பிள்ளைங்க யோசிக்குதுங்க” என்று எழுதியிருக்கிறார். அந்த வரிதான் மனசை அறுக்கிறது.

என்ன வேலை என்று சொல்கிறேன், கேளுங்கள். மீடியம் என்பது செல்களை வளர்க்கும் சத்துத் திரவம். பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்ததும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் மீடியத்திலிருந்து மிச்சமிருக்கும் சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்), ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்தெடுக்கும் நொதியான டிரிப்சினை வேலை செய்ய விடாது. பிறகு 0.25 சதவீத டிரிப்சின், 37 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. செல்கள் உருண்டு திரளும். பிளாஸ்க்கின் பக்கத்தில் மெல்லத் தட்டினால் மணல் சரிவதுபோல மொத்தமாக நழுவும். அந்த நொடியில் சீரம் கலந்த மீடியத்தை ஊற்றி நிறுத்த வேண்டும். அசந்து பத்து நிமிடம் விட்டுவிட்டால் செல்லின் மேலுள்ள புரதங்களையே டிரிப்சின் வெட்டிவிடும். மறுநாள் பாதி செல்கள் ஒட்டாமல் மிதக்கும்.

இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. செல்களில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா அப்படியில்லை. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் பிடிபடாது. அதற்குச் செல்சுவர் கிடையாது என்பதால் பென்சிலினும் ஒன்றும் செய்யாது. ஒழுங்காகப் பிசிஆர் வைத்துப் பார்க்காத ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கான தரவு வீணாகும். பழி மட்டும் கடைசியாக வந்த உதவியாளர் தலையில் விழும்.

அதனால்தான் கேட்கிறேன்: சம்பளத்தை எழுதுங்கள். இறக்குமதியாகும் சீரத்துக்குப் பாட்டில் பாட்டிலாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஆளுக்கு எவ்வளவு என்று எழுத மட்டும் ஏன் தயக்கம்?

“ஆய்வு மானியத்தில் பணம் இல்லை” என்பீர்கள். உண்மைதான், பேராசிரியர்கள் பலரும் கஷ்டப்பட்டுத்தான் மானியம் வாங்குகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு மானியத்தில் ஆள் எடுக்கும்போதே பாதிக் காலம் போயிருக்கும். சரி, அதையே எழுதுங்கள். மானியம் எந்த மாதம் முடிகிறது, மிச்சம் எவ்வளவு காலம் என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். “நாங்களும் இப்படித்தான் வந்தோம்” என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் காலத்து வீட்டு வாடகையில் இன்று பினாங்கு குளுகோரில் ஓர் அறை கிடைக்குமா?

இன்னொன்று, சம்பளத்துக்குப் பதிலாகச் சொல்லும் ‘ஊக்கத்தொகை’ என்ற சொல். முதுகலை மாணவராகப் பதிந்துகொண்டு வா என்பார்கள். அப்படிப் பதிந்தால் பெரும்பாலும் ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீடும் இல்லை. சம்பளமாகக் கொடுத்தால், மாதம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி கட்ட வேண்டும். ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு அது உண்டு, மற்றவருக்குக் கிடையாது.

விடுமுறையைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். வியாழக்கிழமை செல்களுக்குச் சோதனை மருந்து வைத்தால் 72 மணி நேரக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு இரதம் போகிற நாளிலும் யாராவது பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்து செல்கள் இருக்கும் பிளேட்டின் அளவீட்டைப் படித்தாக வேண்டும். வருகிறார்கள். முறையிட்டுக்கூடப் பார்த்ததில்லை. கட்டுரை வெளியாகும்போது அந்தப் பிள்ளையின் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்கிறது. சோதனையை வடிவமைத்து, செய்து, முடிவைப் பகுத்துக் கொடுத்தவருக்கு ஆசிரியர் பட்டியலில் இடமில்லையா? இதைச் சொன்னால் நன்றிகெட்டவர்கள் என்கிறார்கள்.

விண்ணப்பிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு: நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். மானியம் முடியும் தேதி எது? ஞாயிறு முறை யாருக்கு? மைக்கோபிளாஸ்மா கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? செல் லைன் (தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) எங்கிருந்து வந்தது, அது அதேதான் என்று டிஎன்ஏ வழி உறுதிப்படுத்தும் எஸ்டிஆர் சோதனை செய்ததா? சேமநிதி உண்டா? வாய்வார்த்தை வேண்டாம், மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். தேதியையும் தொகையையும் எழுத்தில் தர மறுக்கிற இடத்துக்காகக் கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள்.