ஹார்ன் அடித்தால் வழி பிறந்துவிடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் சாலையிலிருந்து கூட்டரசுச் சாலைக்குள் காரை நுழைப்பதற்குள் உயிர் போய்த் திரும்புகிறது. பொதுவாக அங்கே வேகவரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர், அதனால் தூரத்தில் குட்டியாகத் தெரிகிற கார் நாம் கியர் மாற்றி வேகம் பிடிப்பதற்குள் முதுகில் வந்து நிற்கும். இது பின்னால் நிற்கும் அண்ணனுக்குப் புரிய வேண்டுமே! ஹார்ன், ஹார்ன், ஹார்ன். சரி, அவசரம் என்றால் நீங்களே முன்னால் வந்து பாயுங்களேன். அப்புறம் இன்னொரு ரகம், இடது சிக்னலைப் போட்டுக்கொண்டே நேராகப் போகிறவர்கள். சிக்னலை நம்பி வெளியே வந்தால் செம்பனை லாரிக்கு அடியில்தான். கண்ணாடிக்கு மறைவில் வரும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும்.