வீடு வேறு, கார் வேறு

அமெரிக்காவில் கஞ்சா வாசனை வந்தாலே போலீஸ் எதையும் சோதனை போடலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அது சரியில்லை. வீட்டுக்குள் நுழைய பொதுவாக வாரன்ட் வேண்டும். எந்த இடம், என்ன பொருள், ஏன் சந்தேகம் என்று அதிகாரி சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க, அதை நீதிபதி ஏற்க வேண்டும்.

உள்ளே கஞ்சா வளர்க்கும் விளக்குகளின் சூட்டைத் தெருவிலிருந்து கருவி வைத்துப் பார்த்ததற்கே வாரன்ட் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (கைலோ வழக்கு, 2001). வாசலுக்கு மோப்ப நாயைக் கூட்டிப்போனதையும் 2013-ல் ஏற்கவில்லை. ஆனால் தெருவோரம் வைத்த குப்பைப் பையைக் கிளற வாரன்ட் தேவையில்லை, 1988-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அதில் கிடைப்பதைக் காட்டியே வீட்டுக்கு வாரன்ட் வாங்குகிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை.

கார் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். இல்லினாய்ஸ் மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர்கள் குறிப்பிட்ட அளவு கஞ்சா வைத்திருப்பது 2020 முதல் குற்றமில்லை. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், எரிந்த கஞ்சாவின் வாசனை மட்டும் வாரன்ட் இல்லாமல் காரைச் சோதிக்கப் போதாது என்றது. டிசம்பரில், எரியாத கஞ்சாவின் வாசனை போதும் என்றது! காரில் வாசனை கசியாத டப்பாவில்தான் எடுத்துப்போக வேண்டும் என்ற சட்டமே காரணம். சரி, இரவில் சாலையோரம் அந்த அதிகாரி எந்த வாசனையை முகர்ந்தார் என்பதை அப்புறம் யார் சரிபார்ப்பது?

இன்னொன்று: “கொஞ்சம் பார்க்கலாமா?” என்று போலீஸ் கேட்டால், அது சம்மதம் கேட்பது. மறுக்கலாம். கட்டுரையில் இதையும் சேருங்கள்.