கயானா போகிறோம்: ஆறு இடம் வேண்டாம், மூன்று போதும்

வரும் பிப்ரவரியில் நானும் தம்பியும் கயானா போகிறோம் என்று சொன்னதும் பாதிப் பேர் “கானாவா?” என்று கேட்டார்கள். கானா ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கயானா தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், வெனிசுவேலாவுக்கும் சுரினாமுக்கும் நடுவில் இருக்கும் நாடு. கிளைவ் லாயிடும் சந்தர்பாலும் பிறந்த ஊர் என்றால் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். மக்களோ சுமார் எட்டு லட்சம் பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் கடலோரத்து ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிறார்கள். நாட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு.

1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். மதராஸில் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தப் பதிவு காட்டைப் பற்றியது.

பயண ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்திடம் திட்டம் கேட்டிருந்தோம். ஒன்பது நாளில் ஆறு இடம் என்று அனுப்பினார்கள். ஓர் இடத்தில் மாலை இறங்கினால் மறுநாள் விடியலில் இரண்டு மணி நேரம் பறவை பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரு விலங்கின் பெயர்: ஜாகுவார், ராட்சத நீர்நாய், எறும்புத்தின்னி, ஹார்ப்பி கழுகு. தம்பிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குப் படித்து முடிப்பதற்குள் மனசு கனத்துவிட்டது.

மழைக்காட்டில் விலங்கு அப்படி வந்து நிற்காது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஜீப்பில் உட்கார்ந்தபடி சிங்கத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. மழைக்காட்டில் பத்தடி தள்ளி நிற்பதை இலை மறைத்துவிடும். உயிர்களில் பெரும்பாலானவை தலைக்கு மேலே மர உச்சியில் இருக்கும், பல இரவில் மட்டும் நடமாடும். ஒரே பாதையில் மூன்றாவது முறை நடக்கும்போதுதான் காதும் கண்ணும் பழகும். முதல் நாள் வெறும் இரைச்சலாகக் கேட்டது, மூன்றாம் நாள் இது குரங்கு, இது கிளி என்று பிரிந்து கேட்கும். வால்பாறையில் ஒரே சோலைக்குள் தொடர்ந்து ஐந்து காலை நடந்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். அந்த ஐந்தாம் காலைதான் இருவாச்சி வந்தது.

அதனால் ஆறு இடத்தை மூன்றாகக் குறைத்தோம்.

முதலாவது இவொக்ராமா காடு. 1989-ல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டில், அப்போதைய அதிபர் டெஸ்மண்ட் ஹோய்ட் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஏக்கர் காட்டை உலகத்துக்காக ஒதுக்குவதாக அறிவித்தார். ஏழை நாடு ஒன்று தன் காட்டில் இவ்வளவு பெரிய துண்டை எடுத்து, மழைக்காட்டை அழிக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம் வாருங்கள் என்று அழைத்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. ஒரு பகுதியில் கையே வைப்பதில்லை, இன்னொரு பகுதியில் அளவோடு மரம் எடுக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே சுமார் 30 மீட்டர் உயரத்தில் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். விடியலில் அதன் மேல் அசையாமல் நிற்பதற்காகவே அங்கே இரண்டு இரவு வைத்திருக்கிறோம்.

இரண்டாவது சுராமா. மலைகள் சூழ்ந்த புல்வெளியில் இருக்கும் மகுஷி பழங்குடியினரின் சிற்றூர். விடுதியை ஊரே நடத்துகிறது. வழிகாட்டி, சமையல், படகு எல்லாம் ஊர்க்காரர்கள்தான். 2015-ல் நாட்டின் துணை அதிபர்களில் ஒருவராகப் பொறுப்பேற்ற சிட்னி ஆலிகாக் இந்த ஊர்க்காரர். அங்கே எனக்கு விலங்கை விடப் பெரிய ஆசை ஒன்று உண்டு, மரவள்ளிக்கிழங்கு. சேலத்து ஜவ்வரிசி வரைக்கும் வந்து சேர்ந்த அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்தது. மகுஷிகள் பயிரிடும் கசப்பு வகையில் சயனைடு நஞ்சு அதிகம். கிழங்கைத் துருவி, பின்னிய நீளக் குழாய்க்குள் அடைத்துத் தொங்கவிட்டு, கீழ்முனையை இழுத்துச் சாற்றைப் பிழிகிறார்கள். அந்தக் குழாய்க்குப் பெயர் மட்டப்பி. சக்கையை வட்டக் கல்லில் ரொட்டியாகச் சுடுகிறார்கள். நஞ்சுள்ள சாற்றையும் வீணாக்காமல், சுண்டக் காய்ச்சிக் கறிக்குழம்புக்கு வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் வேகவைத்து மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ற கிழங்கின் தாய்வீடு அது.

மூன்றாவது ரேவா. ரேவா ஆறும் ருபுனுனி ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். நான்கு இரவு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இங்கேதான். காரணம் அராபைமா. உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று, மூன்று மீட்டர் வரை வளரும். அது காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்ப்பரப்புக்கு வந்தே ஆக வேண்டும். அப்படி வரும்போது ஈட்டி எறிந்து பிடித்துப் பிரேசிலுக்கு விற்றதில் ஆற்றின் பெயரையே கொண்ட வடக்கு ருபுனுனிப் பகுதியில் அராபைமா அருகிப்போனது. பிறகு இவொக்ராமா காட்டை நிர்வகிக்கும் மையமும் அந்தப் பகுதி ஊர்களும் சேர்ந்து மீன்களை எண்ண முடிவு செய்தபோது, எண்ணியவர்கள் அதே மீனவர்கள். மீன் மேலே வந்து மூச்சு வாங்கித் திரும்பும் அந்த ஒரு கணத்தில் இது எந்த மீன், எவ்வளவு பெரியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. வேட்டைக்காகப் பழகிய கண் கணக்கெடுப்புக்கு உதவியது. இன்று ரேவாவுக்கு ஆட்கள் வருவதே அந்த மீனைப் பார்க்கத்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு “பார்த்தாச்சு” என்று கிளம்பினால் என் மனசு ஒப்பாது.

பணம் எங்கே போகிறது என்பதையும் யோசித்தோம். உள்நாட்டில் இளைஞர்களுக்குக் கையில் காசு வரும் வேலைகளில் முக்கியமானது தங்கச் சுரங்கம். தங்கம் பிரிக்கும் பாதரசம் ஆற்றில் கலக்கிறது. ஊர் நடத்தும் விடுதியில் நாம் தங்கும் ஒவ்வொரு கூடுதல் இரவும் வழிகாட்டிக்கும் படகுக்காரருக்கும் ஊரிலேயே ஒரு நாள் கூலி. இதனால் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் நான் கொடுக்கும் காசு அங்கே போவதுதான் எனக்கு நிம்மதி.

விட்டுக்கொடுத்தவையும் உண்டு. ஷெல் பீச்சில் முட்டையிட வரும் ஆமைகளுக்கு பிப்ரவரி பொருந்தாது, விட்டுவிட்டோம். ஹார்ப்பி கழுகையும் திட்டத்தில் வைக்கவில்லை, கண்ணில் பட்டால் சந்தோஷம். (புல்வெளியில் திரியும் ராட்சத எறும்புத்தின்னிக்கும், நம் ஊரில் எறும்புத்தின்னி என்று சொல்லும் அழுங்குக்கும் உறவு கிடையாது. பெயர்தான் குழப்புகிறது.)

ஏன் பிப்ரவரி என்று கேட்பவர்களுக்கு: ருபுனுனியில் மே முதல் ஆகஸ்ட் வரை கடும் மழை, புல்வெளியே ஏரியாகிவிடும். அதற்கு முன் ஆறு வற்றும்போது மீனும் நீர்நாயும் கருங்கெய்மன் முதலையும் மிச்சமுள்ள நீரில் கூடும். தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து தெற்கே பிரேசில் எல்லையில் இருக்கும் லெத்தம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் சாலையில் பெரும்பகுதி செம்மண். வறண்ட மாதத்திலும் உடம்பை உலுக்கிவிடும். அப்புறம், 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் விழும் கயட்டூர் அருவிக்குச் சிறு விமானத்தில் போக வேண்டும். மேகம் இறங்கினாலோ போதிய ஆள் சேராவிட்டாலோ அது பறக்காது. நாடு திரும்புவதற்கு முந்தைய நாள் அதை வைக்காதீர்கள். நாங்கள் தொடக்கத்தில் வைத்து, பின்னால் ஒரு நாள் சும்மா விட்டிருக்கிறோம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்கவே கூடாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கயானாவிலிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். உள்காட்டில் மலேரியாவும் இருக்கிறது, மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அங்கே விசா வேண்டும்.

இவ்வளவு தூரம் பறப்பது காட்டுக்கு நல்லதா என்று ஒரு தோழி கேட்டாள். நல்லதில்லைதான். அதனால்தான் மூன்று குட்டிப் பயணங்களை விட்டுவிட்டு, பல வருடம் சேர்த்து ஒரே நீண்ட பயணமாகப் போகிறோம்.

நேற்று ராத்திரி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசிக்கு என்றைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் தம்பி திட்டத்தை எடுத்துத் திரும்பப் படித்தான். “அக்கா, அந்தச் சும்மா விட்ட நாளையும் ரேவாவுல சேத்துக்கலாமா?” என்றான். அருவி விமானம் ஒழுங்காகக் கிளம்பிவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.